சீனம் கண்ட இப்னு பதூதாவும் நம் சோழமண்டலக் கரையும்

சீனம் வரை சென்றாயினும் கல்வியைத் தேட வேண்டும் என்னும் மொழியைக் கேளாமல் வளர்ந்த தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் மிகச் சிலரே இருப்பர். மதரஸாவின் திண்ணையிலும் மீலாது மேடையிலும் அது பல்லாண்டுகளாக முழங்கி வந்திருக்கிறது. ஹதீஸ் கலை வல்லுநர் பலர் அதன் அறிவிப்புத் தொடர் வலுவற்றது என்று கூறியுள்ளனர்; அது நபிமொழியே அன்று என்று தீர்ப்பளித்தோரும் உளர். அந்த ஆய்வு அறிஞர்களுக்கு உரியது. ஆயினும் அந்த மொழி இத்துணைக் காலம் மக்கள் நாவில் நிலைத்ததிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. சீனம் என்றால் உலகின் மறுகோடி என்பதே அன்றைய மக்களின் எண்ணம்.

அந்த மறுகோடியோ நம் வீட்டு அடுக்களைக்குள் என்றோ வந்து அமர்ந்துவிட்டது. தேநீரில் இடும் சருக்கரையை நாம் சீனி என்கிறோம். படிகாரத்திற்குச் சீனக்காரம் என்று பெயர். கண்ணாடி அலமாரியில் பாட்டியார் பூட்டி வைத்து, பெருநாளன்றும் கல்யாணத்தன்றும் மட்டும் எடுத்துத் துடைக்கும் தட்டும் கோப்பையும் பீங்கான். பாரசீகச் சொல்லொன்று நம் வாயில் தமிழாகி, சீனத்துப் பொருளுக்குப் பெயராகி நிற்கிறது. மூன்று நாடுகள் ஒரு கோப்பையில் கூடியது எப்படி? வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டைத் துறையில் நின்று கிழக்கே நோக்கினால் அதற்கு விடை கிடைக்கும். அங்கிருந்து தொடங்கும் கடல் கடாரம், சுமத்ரா, சாவகம் வழியாகச் சீனத்திற்கே செல்கிறது.

நம் கரையும் சீனமும்

சோழர் காலத்திலேயே இந்தக் கடல்வழி அரசியல் வழியும் ஆயிற்று. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழநாட்டுத் தூதுக் குழுக்கள் சீனப் பேரரசரின் அவையை அடைந்தன. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் குழுவில் 72 பேர் இருந்தனர் என்று சீன ஆவணங்கள் கணக்குச் சொல்கின்றன. சிதம்பரத்துக் கோயில் கல்வெட்டொன்று, காம்போச நாட்டரசன் சோழனுக்குக் காட்சிப் பொருளாக அளித்த கல்லொன்று தில்லையில் வைத்துப் பதிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. சிதம்பரத்திற்கு அண்மையிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்து அகழ்வாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் வெளிப்பட்டன.

போக்குவரவு ஒருவழியானதும் அன்று. சீனத்தின் குவான்சௌ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் நலம் வேண்டி அங்கே ஒரு சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்த செய்தி அதில் உள்ளது. அதே நகரில் 1009ஆம் ஆண்டளவில் எழுந்து, 1310இல் புதுப்பிக்கப்பெற்ற பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. மஅபர் என்று அரபியர் அழைத்த நம் கரையிலிருந்து அங்கே குடியேறிய முஸ்லிம் பெருமகன் ஒருவரையும் வரலாறு அறியும். பாண்டியன் அவையில் உயர்நிலையில் இருந்த குடும்பத்தைச் சேர்ந்த அவரைச் சீனர் தம் ஒலிப்பில் பூஹார் என்று எழுதி வைத்தனர். குப்லாய் கான் அவரை வரவேற்றுக் கொரிய நாட்டுப் பெண்மணி ஒருவரை மணமுடித்து வைத்தார். 1299இல் அவர் சீனத்திலேயே காலமானார்.

இவ்வாறு வணிகரும் தூதரும் சென்று மீண்ட நாட்டில் மக்கள் என்ன உண்டனர், எதை உடுத்தனர், அயலாரை எப்படி நடத்தினர்? கப்பலேறிச் சென்ற நம்மவர்கள் அதை எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தவர் நம் கரையில் கால் பதித்துவிட்டுச் சீனம் சென்ற ஒரு மொரோக்கோ நாட்டவர். அவரே இப்னு பதூதா.

கரை ஒதுங்கிய காஜியார்

1304இல் தான்ஜியர் நகரில் பிறந்த இப்னு பதூதா 1325இல் ஹஜ்ஜை நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டார். பல நாடுகளைச் சுற்றித் தில்லிக்கு வந்து முகம்மது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பணியாற்றினார். சீனப் பேரரசருக்குத் துக்ளக் அனுப்பிய தூதுக்கு அவரே தலைவரானார். கள்ளிக்கோட்டையில் கப்பலேற வேண்டிய வேளையில், ஜும்ஆத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கிவிட்டார். அதற்குள் புயல் எழுந்து, காணிக்கைகளைச் சுமந்த பெருங்கப்பல் உடைந்தது. அவருடைய உடைமைகளை ஏற்றிய மற்றொரு கலம் அவரை விட்டுவிட்டே ஓடிவிட்டது. பத்து தீனாரும் படுத்திருந்த விரிப்புமே அவரிடம் எஞ்சின.

அதன்பின் மாலத்தீவில் காஜியாக இருந்து, இலங்கையில் பாவாத மலை ஏறி, 1344ஆம் ஆண்டளவில் நம் கரையை நோக்கி வந்தபோது மீண்டும் கடல் அவரைச் சோதித்தது. கலத்தில் நீர் புகுந்தது. பாய்மரத்தை வெட்டி எறிந்தனர். மிதவை கட்டி மற்றவர்களைக் கரைக்கு அனுப்பிவிட்டு அவர் உடைந்த கலத்திலேயே இரவைக் கழித்தார். விடிந்ததும் கரையிலிருந்து படகில் வந்து அவரை மீட்டவர்கள் இவ்வூர் மக்கள். அவர் சமயத்தைச் சேராதவர்கள். பனம்பழத்தையும் நல்ல மீனையும் தந்து அவரை உபசரித்தனர். பஞ்சு போன்ற நாருக்குள் தேன் போன்ற சாறுள்ள பழம் என்று அவர் வியந்து எழுதியதைப் படிக்கும்போது, பனையடியில் வளர்ந்த நமக்குப் புன்னகை அரும்பாமல் இராது.

அப்போது மதுரையில் ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தம்கானி அவருக்கு மனைவி வழி உறவினர். அந்த உறவையும் விருந்தோம்பலையும் மீறி இப்னு பதூதா ஒன்றை எழுதினார்: சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது கொடுமை, வேறெந்த மன்னனும் இதைச் செய்ததாகத் தாம் அறியவில்லை, அதனாலேயே அவர் முடிவு விரைந்தது என்று. உறவினரே ஆயினும் குற்றத்தைக் குற்றமென்று சாட்சி சொன்ன இந்தப் பேனாவே பின்னர் சீனத்தையும் எழுதியது. ஆகவே அவர் சீன மக்களைப் புகழ்ந்த இடங்களை நாம் மதித்துப் படிக்கலாம்.

ஸைத்தூன் துறைமுகம்

வங்காளம், சுமத்ரா வழியாக 1345-46ஆம் ஆண்டளவில் அவர் இறங்கிய முதற் சீன நகரம் ஸைத்தூன். இதுவே நாம் மேலே கண்ட குவான்சௌ. அரபு மொழியில் ஸைத்தூன் என்றால் ஒலிவம். ஆனால் ஊரில் ஒலிவ மரமே இல்லை என்கிறார். நூறு பெருங்கப்பல்களையும் எண்ணற்ற சிறு கலங்களையும் ஒருங்கே அங்குக் கண்டு, உலகிலேயே பெரிய துறைமுகம் இதுவே என்று வியந்தார். ஒவ்வொரு வீடும் நடுவில் தோட்டத்தோடு அமைந்திருந்தது. முஸ்லிம்களுக்குத் தனி நகர்ப்பகுதியும் பள்ளிவாசல்களும் காஜியும் இருந்தனர்.

அங்கே அவரை வரவேற்ற வணிகருள் ஒருவர், முன்பு இந்தியாவில் அவருக்குக் கடன் கொடுத்தவர். குர்ஆனை மனனம் செய்தவர். முஸ்லிம் பயணி ஒருவர் வந்தால் அங்குள்ள வணிகர் தம் ஜகாத்தை அவருக்கே அளிப்பர். வறியவராக வந்தவர் செல்வராகிவிடுவார் என்றும் எழுதுகிறார். பரதேசத்தில் தன்னூர்க்காரரைக் கண்டால் கையைப் பற்றிக்கொண்டு விடாத நம் சபராளிகளின் நினைவு இங்கே வருகிறது அல்லவா?

துறைமுகச் சட்டம் கடுமையானது. கப்பல் புறப்படுமுன் அதிலுள்ள வில்லாளர், பணியாளர், மாலுமிகள் அனைவரையும் எழுத்தர் வந்து பெயரெழுதிக் கொள்வர். திரும்பியதும் அதே பட்டியலோடு ஒப்பிட்டு, ஒருவர் குறைந்தாலும் அவர் இறந்தாரா, ஓடிவிட்டாரா என்று கப்பல் தலைவன் கணக்குச் சொல்ல வேண்டும். சரக்குகளையும் முழுமையாகக் கூற வேண்டும். ஒரு பொருளை மறைத்தாலும் கப்பல் முழுவதும் அரசுக்குப் பறிமுதல். இது அநீதி என்று இப்னு பதூதா தயங்காமல் எழுதுகிறார். புகழ்வதற்கே வந்தவர் அவர் அல்லர்.

பட்டு மலிவு, பருத்தி அரிது

சீனத்தின் அன்றாட வாழ்வில் அவரை முதலில் திகைக்க வைத்தது உடை. பட்டுப்புழு தானே உண்டு தானே வளர்வதால் பட்டு அங்கே மிகுதி. ஏழை எளியோரும் இரவலரும்கூடப் பட்டே உடுத்தினர். வணிகர் வாங்காவிட்டால் அதற்கு மதிப்பே இராது. ஒரு பருத்தித் துணிக்குப் பல பட்டுத் துணிகள் விலையாகக் கிடைத்தன. பெருஞ்செல்வரோ முரட்டுப் பருத்தியே அணிந்தனர்.

இந்தச் செய்தியைச் சோழமண்டலக் கரையில் இருந்துகொண்டு படிக்க வேண்டும். நாம் பட்டுக்காக ஏங்கிய காலத்தில் அவர்கள் பருத்திக்காக ஏங்கினர். நம் தறிகளில் நெய்த துணி கடல் கடந்து விரும்பப்பட்டதன் காரணம் இதில் விளங்குகிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் மஹ்மூது பந்தர் என்று பெயர் பெற்ற பரங்கிப்பேட்டையிலிருந்து மரக்காயர் கலங்கள் கீழை நாடுகளுக்குச் சுமந்து சென்றதும் துணிச் சுமைகளையே. ஓரிடத்தில் மலிந்தது மற்றோரிடத்தில் மாணிக்கமாகும் என்பதே வாணிகத்தின் முதற்பாடம்.

பீங்கானோ அங்கே மட்பாண்டத்தின் விலைக்கும் குறைவாக விற்றது. இந்தியாவுக்கும், தம் தாயகமான மேற்றிசைக்கும் அது ஏற்றுமதியாவதை அவர் குறிக்கிறார். ஸைத்தூனிலும் ஸீனுல் கலான் எனப்பட்ட கான்டனிலும் மட்டுமே அது செய்யப்படுவதாக அவர் எழுதியது பிழை. உள்நாட்டிலும் பெருஞ்சூளைகள் இருந்தன. துறைமுகத்தில் கண்டதைக் கொண்டு நாடு முழுவதையும் அளக்கும் பிழை பயணிகள் எவருக்கும் நேர்வதே.

காகிதமும் கரியும் கோழியும்

கடைத்தெருவில் பொன்னும் வெள்ளியும் செல்லவில்லை. உள்ளங்கை அளவுள்ள காகிதத்தில் அரச முத்திரை இட்டதே பணம். இருபத்தைந்து தாள் சேர்ந்தது ஒரு பாலிஷ்த்து. கிழிந்த தாளைக் கொடுத்தால் கட்டணமின்றிப் புதுத்தாள் தருவதற்கு நம் நாணயச்சாலை போன்ற ஒரு நிலையம் இருந்தது. வெள்ளிக் காசை நீட்டினால் கடைக்காரர் திரும்பியும் பாரார். இன்று நாம் எண்ணாமல் மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் தாள் பணம் அன்றைய உலகுக்கு எத்தகைய விந்தை!

விறகுக்கு மாற்றாக அவர்கள் ஒருவகை மண்கட்டியை எரித்தனர். அது விறகுக் கரியை விட வெம்மை மிக்கது என்கிறார். அது நிலக்கரி என்பதை இன்று நாம் எளிதில் அறிவோம். கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் நிலத்தை அகழ்ந்து பழுப்பு நிலக்கரி எடுப்பதைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு, அவர் அதைக் களிமண் என்று எழுதியது வியப்பாகவே இருக்கும்.

கோழிக் கதையும் சுவையானது. சீனச் சேவலை அவர் முதன்முதலில் கண்டது கொல்லத்தில். தீக்கோழி என்றே எண்ணிவிட்டாராம். சீனத்தில் ஒரு கோழியை வாங்கிச் சமைக்க முற்பட்டபோது ஒரு சட்டி போதாமல் இரண்டு சட்டிகளில் சமைக்க வேண்டியதாயிற்று என்கிறார். இதில் பயணியின் கைச்சரக்கு எவ்வளவு என்பதைச் சமைத்துப் பழகிய நம் தாய்மார்களே தீர்மானிக்கட்டும்.

சித்திரக் கலையில் சீனருக்கு நிகரில்லை என்கிறார். ஒரு நகரின் கடைவீதி வழியே நடந்து சென்று, மாலையில் அதே வழியே திரும்பியபோது, தம்முடைய உருவமும் தோழர்களின் உருவமும் காகிதத்தில் தீட்டப்பட்டுச் சுவரில் ஒட்டியிருக்கக் கண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திகைத்தனர். அயலார் குற்றம் செய்து ஓடிவிட்டால் தேடிப் பிடிப்பதற்காக அரசு கையாண்ட முறை அது.

அயலாருக்குக் காவல்

இத்தகைய கண்காணிப்பின் மறுபக்கம் பாதுகாப்பு. பெருஞ்செல்வத்தோடு ஒருவன் தன்னந்தனியாக ஒன்பது மாதம் பயணம் செய்தாலும் அஞ்ச வேண்டியதில்லை என்று அவர் எழுதுகிறார். ஒவ்வொரு தங்கலிலும் ஒரு விடுதி, அதற்கோர் அதிகாரி. அந்தி சாய்ந்ததும் அவர் எழுத்தரோடு வந்து தங்கியோர் பெயரை எழுதி, கதவைப் பூட்டி முத்திரையிடுவார். விடிந்ததும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்ப்பார். அடுத்த தங்கல் வரை ஆள் துணை அனுப்பி, அனைவரும் நலமே வந்து சேர்ந்தனர் என்னும் சீட்டைத் திரும்பப் பெறுவார்.

வணிகர் விரும்பினால் ஊரில் குடியிருக்கும் முஸ்லிம் வணிகர் வீட்டில் தங்கலாம். அவர் பணம் கணக்கிட்டுப் பெறப்பட்டு, செலவு போக மீதி நேர்மையாகத் திருப்பித் தரப்படும். தம் நாட்டுக்கு வந்தவர் பொருளை இழந்தார் என்னும் அவப்பெயர் முஸ்லிம் நாடுகளில் பரவுவதைச் சீனர் விரும்பவில்லை என்று காரணமும் கூறுகிறார்.

கான்டன் நகரில் அவர் கண்ட பெருங்கோயில் ஒன்றில் பார்வையற்றோரும் முடமானோரும் தங்க இடமும் உணவும் உடையும் பெற்றனர். நோயாளிகளுக்கு மருத்துவச்சாலை இருந்தது. அநாதைகளும் விதவைகளும் உழைக்க இயலாத முதியோரும் அதன் மானியத்தால் வாழ்ந்தனர். முதியோருக்குச் சீனத்தில் மிக்க மரியாதை. அவர்களைத் தந்தையே என்று அழைத்தனர். இவை அனைத்தையும் தம் சமயத்தவர் அல்லாதார் செய்த அறம் என்று தெரிந்தே அவர் எழுதினார்.

அடைத்த கதவு

இவ்வளவும் புகழ்ந்தவர் அடுத்து ஓர் உண்மையையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். சீனம் எத்துணை அழகியதாயினும் தம் உள்ளம் அதில் ஒன்றவில்லை. வெளியே சென்றால் தம் மார்க்கத்திற்கு ஒவ்வாத காட்சிகளே கண்ணில் பட்டன. ஆகவே இன்றியமையாத வேளை தவிர வீட்டை விட்டு வெளியேறவில்லை. ஒரு முஸ்லிமைக் கண்டால் தம் குடும்பத்தாரையே கண்டது போல் இருந்தது என்கிறார்.

இந்தத் துயரத்தை நாம் இகழ வேண்டியதில்லை. கஞ்சன்பூ என்னும் ஊரில் ஒரு செல்வரைச் சந்தித்துப் பேசியபோது, அவர் தம் தாயகத்து ஸப்தா நகரத்தவர் என்று தெரிந்ததும் இருவரும் கண்ணீர் விட்டனர். அவரை இளைஞராக முன்பே தில்லியில் இப்னு பதூதா கண்டிருந்தார். பல ஆண்டு கழித்துச் சகாரா பாலையின் விளிம்பிலுள்ள ஸிஜில்மாஸா நகரில் அதே செல்வரின் உடன்பிறந்தாருடைய வீட்டில் அவர் விருந்தினராகத் தங்கினார். ஒரு தாயின் மக்கள் உலகின் இரு கோடிகளில்! சபர் போனவரின் கடிதத்துக்காக வாசலைப் பார்த்திருந்த நம் கடலோரக் குடும்பங்களுக்கு இந்தக் கண்ணீரின் பொருள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயினும் அடைத்த கதவினால் இழப்பும் உண்டு. சீனர் இல்லங்களுக்குள் அவர் சென்று பழகியிருந்தால், தாய் பிள்ளையைத் தாலாட்டும் முறையையும் உழவர் வயலில் படும் பாட்டையும் அவர் எழுதியிருக்கக்கூடும். பீக்கிங் நகரைப் பற்றி அவர் எழுதிய பகுதி நேரில் கண்டதுதானா என்று இன்றைய ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். துறைமுகத்தையும் விடுதியையும் முஸ்லிம் தெருவையும் பற்றிய பகுதிகளில் உள்ள உயிர்த்துடிப்பு அதில் இல்லை.

இதற்கு மறுதலையாக, சீன முஸ்லிம் ஒருவர் நம் நாட்டைப் பார்த்ததையும் நினைவுகூர வேண்டும். தளபதி செங் ஹோவின் கப்பற்படையோடு வந்த மா ஹுவான் 15ஆம் நூற்றாண்டில் கள்ளிக்கோட்டையைக் கண்டு எழுதினார். மணிச்சட்டம் இல்லாமல் கைவிரல் கால்விரல் இருபதையும் கொண்டே அங்குள்ளோர் பிழையின்றிக் கணக்கிடுவதைக் கண்டு வியந்தார். அதே செங் ஹோ 1409ஆம் ஆண்டிட்டு இலங்கையின் காலி நகரில் நிறுத்திய கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உள்ளன. மூன்று சமயத்தார் வணங்குவனவற்றுக்கும் அதில் காணிக்கைகள் ஒப்பப் பட்டியலிடப்பட்டுள்ளன. நாம் தொடக்கத்தில் கண்ட பீங்கான் கோப்பையைப் போலவே இந்தக் கல்லும்!

கல்லில் எஞ்சியது

1355இல் ஃபெஸ் நகரில் இப்னு பதூதா சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதிய பயண நூல் முடிவு பெற்றது. அதற்கு இரண்டே ஆண்டுகளில் ஸைத்தூனின் நல்வாழ்வு சிதைந்தது. 1357இல் அந்நகரப் பாரசீகப் படைப்பிரிவினர் கிளர்ந்தெழுந்து அதிகாரத்தைக் கைப்பற்றினர். சுமார் பத்தாண்டு நடந்த போரின் முடிவில் அயல்நாட்டார் பலர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் ஓடினர். படையினர் சிலரின் பேராசைக்கு, தலைமுறை தலைமுறையாக நேர்மையால் நற்பெயர் ஈட்டிய வணிகக் குடும்பங்கள் விலை கொடுத்தன. தமிழர் கோயிலின் தூண்கள் வேறொரு பௌத்தக் கோயிலின் கட்டடத்தில் சேர்ந்தன. காஜியும், ஜகாத் கொடுத்த வணிகரும், கடன் கொடுத்த ஹாஃபிழும் நின்ற தெரு வெறிச்சோடியது. இப்னு பதூதாவின் ஏடு இல்லையேல் அவர்கள் அங்கே அமைதியாக வாழ்ந்ததையே உலகம் மறந்திருக்கும்.

இங்கேதான் அந்த ஏட்டின் மதிப்பு விளங்குகிறது. அயலாரின் வழிபாட்டை அவர் ஏற்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அவர்கள் தமக்குச் செய்த நன்மையில் ஒரு மணியளவும் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்யலாகாது என்பது நம் திருமறையின் போதனை. அதைப் பயண நூலில் கடைப்பிடிப்பது, மேடையில் எடுத்துரைப்பதைவிட அரிது.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இன்றும் நம் பிள்ளைகள் புறப்படுகின்றனர். அங்கே அவர்கள் பல இனத்தாரோடு ஒரே கூரையின் கீழ் உழைக்கின்றனர். ஊர் திரும்பியதும் பெட்டியைத் திறந்து பொருள்களைப் பங்கிடுகிறோம். அத்தோடு நில்லாமல், அங்குள்ள மக்கள் எப்படி வாழ்கின்றனர், உனக்கு யார் உதவினர் என்றும் வீட்டார் கேட்க வேண்டும். கேட்டதை எழுதி வைக்க வேண்டும். நம் கரையிலிருந்து சீனம் சென்ற முன்னோர் எத்தனையோ பேர். அவருள் ஒருவரேனும் எழுதியிருந்தால், நம் வரலாற்றை அறிய ஒரு மொரோக்கோ நாட்டவரின் ஏட்டை நாம் நாடி நிற்க நேர்ந்திருக்காது.